ஊரைக் காலி செய்த லாரி

இந்த ஊரை விட்டுப் போனவர்களில் பாதிப் பேரையாவது லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டு வந்தவள் லாரியக்காதான். வீட்டைக் காலி செய்வதென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டில், பீரோ, பாத்திரம், பூந்தொட்டி, கூண்டுக்குள் கத்துகிற பூனை, எல்லாவற்றையும் ஏற்றி மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுவாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் எங்கெங்கோ இறக்கிவிட்டு, வெறும் லாரியோடு திரும்பி வருவாள். அதைப் பெருமையாகச் சொல்வதா குறையாகச் சொல்வதா என்பது ரொம்ப நாள் அவளுக்கே பிடிபடவில்லை.

லாரி அவளுடைய அப்பாவுடையது. ஆற்றங்கரையில் துணி மில் ஓடிய காலத்தில் அப்பா அதில் நூல் பொதி ஏற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஓடிவந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வாள். கால் பிரேக்கை எட்டியதும் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். "பொம்பளைப் பிள்ளைக்கு லாரி எதுக்குய்யா?" என்று கேட்டவர்களிடம் அப்பா, "லாரி ஒண்ணும் சொல்லலையே, உங்களுக்கு என்ன?" என்பார். கண் பார்வை மங்கியபோது சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

மில் குடோனில் பொதி தூக்கியவர்தான் அவளுடைய வீட்டுக்காரர். பீரோவைத் தனியாளாக முதுகில் ஏற்றுகிற உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் குரல். எதைத் தூக்கினாலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டேதான் தூக்குவார். ஊர் அவருக்கு மெதுவாண்ணன் என்றே பேர் வைத்துவிட்டது. ஆனால் அவர் தூக்கிய சாமானில் ஒரு கீறல் விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது. லாரியக்காவோ எல்லாவற்றிலும் அவசரம். சாப்பாடு, பேச்சு, கோபம் எதையும் ஆற விடமாட்டாள். கல்யாணமான புதிதில் இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று கவலைப்பட்டாள். அவரும் அதையே நினைத்திருக்கலாம். ஆனால் அவர் அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் மகள் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதெல்லாம் ஆற்றுக்குச் சொந்த நிறம் கிடையாது. மில்லில் என்ன சாயம் போட்டார்களோ அதுதான் ஆற்றின் நிறம். "இன்னைக்கு நீலம்" என்பார்கள், "நேத்து பச்சையா இருந்துச்சே" என்பார்கள். அதில் காலை நனைக்க ஆள் கிடையாது, மீன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் தண்ணீர் வெறும் தண்ணீராக ஓடினால் ஊரே மில் வாசலை எட்டிப் பார்க்கும். சாயம் ஓடவில்லை என்றால் வேலை ஓடவில்லை என்று அர்த்தம். ஒரு மழைக்காலம் முடிந்தபோது ஆறு தெளிந்து ஓட ஆரம்பித்தது. மறுநாளும் தெளிவாகவே ஓடியது. மில் வாசலில் கூடி நின்றவர்களிடம் வாட்ச்மேன் கையை விரித்துக் காட்டினார்.

அதற்கப்புறம் முதலில் வீட்டைக் காலி செய்தவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. மில் ஆட்களுக்குச் சட்டை தைத்துப் பிழைத்தவள். மில்லே போனபிறகு யாருக்குத் தைப்பது? லாரியக்காவுக்கு அவள் கூடப்பிறக்காத குறைதான். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் இருவரும் துணி வெட்டுகிற பெரிய மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் அந்த மேஜையில் போட்டுத்தான் வெட்டித் தைத்தார்கள்.

அந்த மேஜைதான் அன்றைக்கு லாரியில் ஏறவில்லை. போகிற இடத்தில் ஒடுக்கமான மாடி அறை, படியில் அது திரும்பாது. தையல்காரி பலகையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். வித்துக்கித்துத் தொலைச்சிடாதே. நான் வந்து கேட்டா குடு."

"எப்போடி வருவே?"

"கேக்கும்போது வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு தெருத்தெருவாகக் கிளம்பினார்கள். ஒவ்வொருவரும் ஏற்ற முடியாத ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். வாசலில் நுழையாத பீரோ, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தொட்டில், கால் ஆடினாலும் தூக்கிப்போட மனசு வராத நாற்காலி. லாரியக்கா எதையும் விற்கவில்லை. தையல்காரிக்குக் கொடுத்த வாக்கு எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொண்டாள். அப்பா லாரி நிறுத்திய கொட்டகையில் அவற்றை அடுக்கியதில் லாரிக்கு இடமில்லாமல் போயிற்று. பீரோக்கள் நனையாமல் நிற்க, சோறு போடுகிற லாரி தெருவில் நின்று மழையில் நனைந்தது. அதைப் பார்த்து அப்பா உயிரோடு இருந்தவரை தலையில் அடித்துக்கொண்டார்.

இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது. சாமான் எல்லாம் ஏற்றி முடிந்ததும், வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றுகொண்டு, "நீயே உள்ள போய் எல்லாத்தையும் மூடிட்டு வந்துடுக்கா" என்பார்கள். சொந்த வீட்டின் விளக்கை அணைக்க அவர்களுக்குக் கை வராது. அவள்தான் உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்தி, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வருவாள். எந்த வீட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. திரும்பும் வழியில் பாலத்தில் லாரி ஏறும்போது ஊரைப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"அடுத்தது நாமதாங்க" என்பாள்.

"போலாம், மெதுவாப் போலாம்" என்பார் மெதுவாண்ணன். அவருக்கு இந்த ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது.

மகள் படித்து முடித்துப் பெரிய நகரத்தில் வேலைக்குப் போனாள். அவளுடைய பெட்டியையும் புத்தகங்களையும் இந்த லாரியில்தான் கொண்டுபோய் இறக்கினார்கள். மகளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. "ஒரு ரூம் சும்மாதாம்மா கிடக்கு, வந்துடுங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இடையில் தையல்காரி இறந்துபோனாள் என்ற தகவல் வந்தது. லாரியக்கா கொட்டகைக்குப் போய், மேலே அடுக்கியிருந்த நாற்காலிகளை எல்லாம் இறக்கி அந்த மேஜையைத் துடைத்தாள். துடைத்த பிறகும் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

மூடிக்கிடந்த மில்லில் ஆஸ்பத்திரி வரப்போகிறது என்றபோது ஊர் சிரித்தது. எத்தனையோ வரப்போகிறது என்று கேட்டுக் காது புளித்துப்போன ஊர். ஆனால் அது நிஜமாகவே வந்தது. நூற்புக்கூடத்தின் நீளமான ஹாலில் கட்டில் போட்டார்கள், சாயப்பட்டறையில் மருந்துக்கடை வைத்தார்கள். ஒருநாள் லாரியக்கா தெருவில் திரும்பும்போது, தையல்காரி இருந்த வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்த நர்ஸ். வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டது, உள்ளே ஒரு துரும்பு இல்லை.

லாரியக்கா உள்ளே போய் மெயின் சுவிட்சை ஏற்றினாள். பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு கட்டிலையும் தையல்காரியின் மேஜையையும் கொண்டுவந்து இறக்கச் சொன்னாள். மேஜை பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது. தரையில் அதன் கால்கள் பதிந்த தடம்கூட அப்படியே இருந்தது.

"எவ்வளவுக்கா தரணும்?" என்று நர்ஸ் பயந்துகொண்டே கேட்டாள்.

"இது விக்கிற சாமான் இல்லம்மா. வச்சுக்கோ. கேட்டா குடு, அவ்வளவுதான்."

அதற்கப்புறம் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கொட்டகைதான் கதி. வேண்டியதை அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ரொட்டிக்கடைக்காரர் மனைவி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். அவருக்கு ஒரு பீரோ. ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டில் பிள்ளை பிறந்தது, அவர்களுக்குத் தொட்டில். எல்லோரிடமும் அதே வார்த்தை, கேட்டா குடு. யாரிடமும் அவள் எதையும் கேட்கவில்லை. கொட்டகை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி லாரி மறுபடி கூரைக்குள் வந்து நின்றது.

ஊர் ஓகோவென்று ஆகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடைத்தெருவில் பாதி ஷட்டர் இன்னும் துருப்பிடித்துத்தான் கிடக்கிறது. கடைசி பஸ் பொழுது சாய்வதற்குள் போய்விடுகிறது. பெரிய டாக்டர்கள் வந்த வேகத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனால் ஆறு இப்போது ஆற்றின் நிறத்தில் ஓடுகிறது, சாயந்திரம் கரையில் பிள்ளைகள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். லாரியில் லோடு உள்பக்கமாகவும் வருகிறது. இதையெல்லாம் லாரியக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முழங்கால் வலி வந்துவிட்டவளுக்கு மகள் வீட்டு ரூமும் கண்ணில் நின்றது.

இப்படி இருக்கும்போதுதான் போன மழைக்காலத்தில் ஆறு ஏறியது.

ஆறு ஏறினால் இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே வேலை, கீழே இருப்பதை மேலே ஏற்றுவது. லாரியக்காவும் மெதுவாண்ணனும் முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் போனார்கள். இதற்குள் கல்யாணமாகியிருந்த நர்ஸும் அவள் வீட்டுக்காரரும் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்; சாவி இவர்களிடம் இருந்தது. மேஜையை மாடிக்கு ஏற்றி முடிப்பதற்குள் ரொட்டிக்கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது. அங்கே மாவு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியில் கட்டில்களை மேல்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள்.

"நம்ம வீடு?" என்றார் மெதுவாண்ணன்.

"நம்ம வீட்டுக்கு என்னைக்குத் தண்ணி வந்திருக்கு? கடைசியாப் பாத்துக்கலாம், ஏறுங்க."

ஊர் சாமானையெல்லாம் ஏற்றிவிட்டு அவர்கள் திரும்பியபோது, சொந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்தபிறகு கட்டில் உப்பி வெடித்துக் கிடந்தது. பீரோவைத் திறந்ததும் உள்ளேயிருந்து சேறு வழிந்தது. வேலையே சாமான் தூக்குவது என்று இருக்கிற இரண்டு பேர், சொந்தச் சாமானைத் தூக்க மறந்துவிட்டார்கள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று லாரியக்கா நினைத்தாள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சேற்றை வாரி வெளியே கொட்டிவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை வந்துடுறோம்மா. ஏத்துறதுக்குச் சாமானும் இல்ல, சுலபமாப் போச்சு."

மெதுவாண்ணன் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனார். கடைக்காரர், "வீடு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார். "எல்லாம் போச்சுப்பா. உக்கார ஒரு நாற்காலி இல்ல" என்றார் இவர். ஊரை விட்டுப் போகப்போகிறோம் என்பதைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியக்கா கதவைத் திறந்தால் தெருவில் நடக்க வழியில்லை. ரொட்டிக்கடைக்காரர் பீரோவோடு நிற்கிறார். ஆம்புலன்ஸ் டிரைவர் தொட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கீழத்தெருக் குடும்பங்கள் கட்டில்களைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மேஜையை நான்கு பேர் பிடித்துவர, நர்ஸ் வழி விலக்கிக்கொண்டு முன்னால் வருகிறாள்.

"என்னப்பா இது?"

"நீங்க கேட்டீங்களாமேக்கா" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "கேட்டா குடுக்கணும்னுதானே சொன்னீங்க. கடைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டேன்."

"நான் எப்போய்யா கேட்டேன்?"

எல்லோரும் மெதுவாண்ணனைப் பார்த்தார்கள். அவர் ரொம்ப நேரம் கழுத்தைச் சொறிந்தார். "நாற்காலி இல்லைன்னு சொன்னேன்" என்றார் கடைசியில். "கேக்கலையே."

லாரியக்காவுக்கு வந்த கோபத்தில் தெருவே அதிர்ந்தது. "தொட்டிலைத் தூக்கிட்டு வந்திருக்கியே, பிள்ளையை எங்கடா போட்டே? எனக்கு எதுக்குடா தொட்டில்? இந்த வயசுல பெத்துக்கச் சொல்றியா?" டிரைவர் தலையில் தொட்டிலோடு பின்வாங்கினார். பீரோவில் இருந்த துணிமணியை எங்கே போட்டீர்கள், வெறும் தரையிலா படுத்தீர்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கினாள். கத்திக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் குரல் உடைந்தது. முந்தானையைத் தேடப் பொறுமையில்லாமல் கையில் இருந்த லாரி துடைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கன்னத்தில் கிரீஸ் அப்பியது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். "கிளம்பியாச்சாம்மா?"

"எங்கே கிளம்ப? வாசல்ல பீரோ நிக்குது, கட்டில் நிக்குது. எல்லாத்தையும் கொண்டுபோய் விட்டுட்டுப் பேசறேன், வை."

அப்படித்தான் கிளம்ப வேண்டிய நாளில் லாரி ஊருக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தது. எல்லாப் படிகளும் அவளுக்குத் தெரிந்த படிகள்தான். ஆனால் அவை எல்லாவற்றிலும் அவள் சாமானை இறக்கித்தான் பழக்கம். இப்போது ஏற்றிக்கொண்டு போகும்போது எந்த வளைவில் எப்படித் திருப்புவது என்று புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. மேலே போனால், அவள் ஜன்னல் சாத்திவிட்டு வந்த அறையில் துணி காய்கிறது. அவள் கையால் சுவிட்சை இறக்கிய சமையலறையில் யாரோ ஒருத்தி டீ போட்டு, "உக்காருங்கக்கா" என்கிறாள். தொட்டிலை மாட்டியதும் டிரைவரின் குழந்தை உள்ளே படுத்துக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. ஒரு வீட்டில் பள்ளிக்கூடப் பையைப் பீரோவின் பழைய கொக்கியிலேயே மாட்டியிருந்தார்கள். ஊரை விட்டுப் போனவர்களில் அந்தக் கொக்கியை அடித்தவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

இவ்வளவு நாளும் இந்த ஊருக்கு நான்தானே ஓடி ஓடிச் செய்தேன் என்ற ஒரு நினைப்பு அவளுக்கு உள்ளூர இருந்தது. கூடவே, எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் மாட்டிக்கொண்டேன் என்ற வயிற்றெரிச்சலும் இருந்தது. அன்றைக்குப் படியேறி ஏறி முழங்கால் விண்விண்ணென்று வலித்தபோது இரண்டும் போய்விட்டன. எத்தனை வீட்டை இருட்டாக்கியவள் நான், எனக்குத்தான் இதையெல்லாம் பார்க்கவும் கொடுத்துவைத்திருக்கிறது என்று நினைத்தாள். தையல்காரிக்குக் கொடுத்துவைக்கவில்லை. அப்பாவுக்கும் இல்லை. போனவர்களில் ஒருத்தருக்கும் இல்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வாய்விட்டே சொன்னாள், "நல்லா இருங்க எல்லாரும்."

"யாரைச் சொல்றே?" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த மெதுவாண்ணன்.

"யாரையோ சொல்றேன். இறங்குங்க, கட்டில் இருக்கு."

பொழுது சாய்வதற்குள் எல்லாம் அதனதன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசியில் இரண்டு வீட்டு வாசல்களுக்கும் நடுவில், தெருவிலேயே நின்றது தையல்காரியின் மேஜை. அதைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னாள் லாரியக்கா. நர்ஸ் அசையவில்லை.

"இதை மட்டும் எடுக்கமாட்டேன்க்கா. நான் இந்த ஊர்ல முதல் வாய் சாப்பிட்டது இதுலதான். எங்க பொண்ணு இதைப் பிடிச்சுட்டுத்தான் நடக்கக் கத்துக்கிட்டா. ஆனா வெள்ளத்தன்னைக்கு உங்க வீட்டை விட்டுட்டு இதை மாடிக்குத் தூக்கியிருக்கீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு இது யாரோடதுன்னு. நீங்க எங்க போனாலும் இதைக் கொண்டுபோங்க."

லாரியக்கா மேஜையின் ஓரத்தைத் தொட்டாள். கத்தரிக்கோல் இழுத்த கோடுகள் விரலில் தட்டுப்பட்டன. கேட்கும்போது வருவேன் என்றாள் தையல்காரி. அவள் கேட்காவிட்டால் என்ன, கேட்காமலே இது வந்து நிற்கிறது. பக்கத்தில் தன் வீடு தெரிந்தது. இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு, உள்ளே ஒன்றுமில்லை, விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று காலையில் மெயின் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மெதுவாண்ணன் லாரியின் பின்கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

"ஏங்க, அந்தப் பக்கம் பிடிங்க."

"லாரியிலதானே?"

"வீட்டுக்குள்ள. மககிட்ட நான் பேசிக்கறேன். லீவுக்கு அவ வரட்டும்."

அவர் ஓடிவந்து மேஜையின் மறுமுனையைத் தூக்கினார்.

"சீக்கிரம் பிடி" என்றார்.

"என்னது?"

"சீக்கிரம், சீக்கிரம். நீ மனசு மாறுறதுக்குள்ள உள்ள போயிடணும்."

பின்னோக்கி அவர் நடந்த வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. நர்ஸ் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். அத்தனை வருஷத்தில் மெதுவாண்ணன் ஒரு சாமானைக் கதவு நிலையில் இடித்தது அன்றைக்குத்தான்.